லியோரா தலையில் வைக்க ஒரு கை

அன்புள்ள மகன் ஆஷருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வான்கூவர் மழையில் நனையாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நீயாகச் சொன்னால்தானே தெரியும். இங்கே வினிபெக்கில் அதற்குள் பனி கொட்டித் தீர்க்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் வா என்றால் சூப் அடுப்பில் இருக்கிறது என்கிறாள். போனில் பேசினால் நீ சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

நம் ஜெபக்கூடத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளிதோறும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓய்வுநாள் மாலை நடக்கிறதல்லவா, அதற்கு உன் மகள் லியோராவைத் தவறாமல் அழைத்துவருவது யார் தெரியுமா, உன் பிரிஜிட். உன்னை விட்டுப் பிரிந்தவள், நம் யூத மதத்தில் பிறக்காதவள், இந்தக் குளிரில் காரைக் கிளப்பிக்கொண்டு வருகிறாள். நீ ஏம்மா சிரமப்படுகிறாய் என்றால், “இதுவும் அவளோட பாதிதானே, மாமா, அதை நான் பிடுங்கக் கூடாது” என்கிறாள். பிள்ளைகள் ஹல்லா ரொட்டிக்கு மாவைத் திரித்துப் பின்னுகிறார்கள், பாதி மாவு தலைமுடியில்தான். லியோரா ஒவ்வொரு வாரமும் இரண்டு பின்னுவாள், ஒன்று உனக்காம். உன் பங்கெல்லாம் எங்கள் ஃப்ரீசரில் கிடக்கிறது, தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

நடத்துகிற தவோரா விளக்கேற்றிவிட்டால் ஓய்வுநாள் வந்தாயிற்று, அதன்பிறகு கூடத்தில் யாரும் போனைத் தொடுவதில்லை. நீ வளர்ந்த கூடம், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் பெற்றோர்கள் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். பிரிஜிட் எனக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். நான் கை நீட்டினால் உன் மகள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, “இது அப்பாவோட இடம் தாத்தா” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். வாராவாரம் அந்தக் குழந்தை ஆசீர்வாதம் இல்லாமலே சாப்பிடப் போகும்.

அதைக் கேட்டுத்தானே நீ உருகிப்போய், போன மாதம் கட்டாயம் வருகிறேன் என்றாய். பிறகு வேலை வந்துவிட்டது. சரி, போனிலாவது ஆசீர்வதிக்கிறேன் என்றாய். விளக்கேற்றுவதற்கு முன்னால் கூப்பிடு, உங்கள் ஊருக்கு முன்னாடியே இங்கே பொழுது சாய்ந்துவிடும் என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். குழந்தை போனை மடியில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. தவோரா முடிந்தவரை இழுத்துப் பார்த்தாள், சூரியனை யார் பிடித்துவைப்பது. போனை பிரிஜிட்டின் கோட்டுப் பையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஆசீர்வாதம் நடந்துகொண்டிருக்கும்போது கோட்டு மாட்டும் இடத்திலிருந்து தவளைச் சத்தம். உனக்கென்று லியோராவே தேடி வைத்த ரிங்டோன். நின்றது, மறுபடியும் கத்தியது. பிரிஜிட் என்னைப் பார்த்தாள், மறைப்பானேன், என் காலே அந்தப் பக்கம் நகரத்தான் பார்த்தது. லியோராதான் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எடுக்கக் கூடாதும்மா, வெளக்கேத்தியாச்சு.” பிறகு என்னிடம், “அப்பாவுக்கு இது தெரியாதா தாத்தா?” அங்கே இன்னும் வெளிச்சமாக இருக்கும் கண்ணு என்று உனக்காக வக்காலத்து வாங்கினேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் இருட்டியதும் என்னைக் கூப்பிட்டுக் கத்தினாயே, ரெண்டு தடவை அடித்தும் ஒருத்தரும் எடுக்கவில்லை, சின்னக் குழந்தைக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று. சட்டத்தைக் காப்பாற்றியதே அந்தச் சின்னக் குழந்தைதான் என்று இப்போதாவது எழுதிவிடுகிறேன். பிரிஜிட் உன்னைப்பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதுவே எனக்கு அவமானமாக இருக்கிறது. கோபப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா அனுப்பிய ஸ்வெட்டரையாவது போட்டுக்கொள்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இந்த வெள்ளி நான் கையை நீட்டக்கூட இல்லை. லியோரா தானாகவே வந்து என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வைத்தேன், எத்தனை வாரம் ஆசைப்பட்டேன், ஆனால் அது உன் இடம். இந்தத் தடவை அவள் ஒரு ரொட்டிதான் பின்னினாள். உன்னைக் கேட்கவே இல்லை, ஆஷர்.

உனக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் போன் வேண்டாம். வருவதானால் வெள்ளிக்கிழமை பொழுது இருக்கும்போதே வந்து சேர். அவள் இன்னொரு தரம் உனக்காகத் தலையைப் பொத்திக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
மோர்ட்கே