வளையல் போட வேண்டாத கை

ஆனி, வெள்ளிக்கிழமை. சாரல் இன்னும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வியின் மகளுக்கு இன்று வளைகாப்பு. குற்றாலத்துக் கடையில் பார்த்துப் பார்த்துப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் போயிருந்தேன். என் முறை வரும் நேரத்தில் செல்வி என்னைத் தனியே அழைத்தாள்.

“யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. பிணம் குளிப்பாட்டுத கை, வளையல் போட வேண்டாம்னு சம்பந்தி வீட்ல சொல்லுதாவ.”

“அதுக்கென்னட்டி, பிள்ள நல்லாருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் அம்மா படுக்கைப் புண்ணோடு செத்தபோது, சொந்தக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். நான்தான் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டேன். அன்றைக்கு இந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் இதே செல்விதான்.

தெருவில் எந்தப் பெண் செத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பலனை எதிர்பார்த்துச் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பொய். பெண்பிள்ளை இல்லாத எனக்கு, நான் போகும் அன்றைக்கு, இவர்களில் ஒருத்தியாவது முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றுவாள் என்று நம்பித்தான் அத்தனை பேரையும் குளிப்பாட்டியிருக்கிறேன்.

இன்று அந்த வீட்டில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். செல்வியும் வாசலிலேயேதான் நிற்பாள்.