வேம்பு ஆற்றில் இறங்கவில்லை

குத்தாலம்
ஆனி 9

அன்புள்ள ராஜ்குமாருக்கு, அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், மெல்போர்னில் நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடியில்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா, வடகத்தை நீங்களா காயவைப்பீங்க என்று என்னையே மடக்குகிறாள். தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு மிஷின் நடவும் முடிந்தது.

நீ ஆசையாக இங்கிலீஷில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறாயே, என் ஆடிப்பெருக்குக் கதை, அதை அச்சுக்குக் கொடுக்காதே தம்பி. நடவுக்காரி வேம்பு தலை நிறையப் பூவோடு காவேரிக்குள் தானாக நடந்து போய்விடுவாள், ஏன் என்று கதை சொல்லாது. சொல்லாததுதான் அழகு என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன். இதில் நீதி என்ன என்று கேட்டவர்களிடம், நீதி வேணும்னா பட்டிமன்றத்துக்குப் போங்க, எனக்கு வாக்கியம் அழகா இருந்தா போதும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன். என்ன திமிர் பார்.

போன வியாழக்கிழமை பேராவூரணியிலிருந்து செம்மொழி என்று ஒரு டீச்சர் வந்தார். நான் வேம்புவோட பொண்ணுங்க என்றார். குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். மூன்று வயதில் தாயை இழந்து சித்தி வீட்டில் வளர்ந்தவர். கல்லூரியில் என் கதை பாடமாக இருந்திருக்கிறது, ஊரும் அதே ஊர், பேரும் அதே பேர். உங்கம்மா பாம்பு கடிச்சுத்தான் செத்துச்சு என்று சித்தி எத்தனையோ தரம் சொன்னாராம். நான் வருத்தப்படுவேன்னு சித்தி மறைக்குது, அச்சுல வந்தது பொய்யாவா இருக்கும்னு நெனச்சேங்க, மூணு வயசுப் புள்ளைய விட்டுட்டுப் போவ எப்படி மனசு வந்துச்சுன்னு இருபது வருஷமா அம்மா படத்துக்கு ஒரு பூ வச்சதில்லைங்க என்றார். போன மாசம் சித்தி சாகக் கிடந்தபோது தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாராம், அதனால் எழுதினவரிடமே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

தம்பி, உன்னிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு ஆடிப்பெருக்கும் இல்லை, அவள் ஆற்றுப் பக்கம் போகவும் இல்லை. நம் வயலில் குறுவை நடவு, கட்டிப் போட்டிருந்த நாற்று முடியை எடுக்கக் குனிந்தவளைப் பாம்பு கடித்தது. டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. பறித்த நாற்றை அன்றைக்கே ஊன்றியாக வேண்டும், போட்டுவைத்தால் வெயிலில் வாடிவிடும். உன் தாத்தா, நாத்து வீணாப்போயிடும், மிச்சம் இருக்கற ஒரு மா நெலத்தையும் சேறடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுக்கலாம், அதுக்குள்ள வேப்பிலையக் குடுங்க என்றார். எனக்கு இருபத்து மூன்று வயது, டிராக்டர் ஓட்டத் தெரியும், மாயவரம் ஆஸ்பத்திரி ஏழெட்டு மைல்தான். பாவி, வரப்பில் நின்றேன், அப்பாவை எதிர்த்து ஒரு சொல் வரவில்லை. நாற்று பிழைத்தது, அவள் போய்விட்டாள். அப்புறம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அந்தக் கதையை எழுதினேன். பெயரைக்கூட மாற்றவில்லை, வாக்கியத்தில் அழகாக உட்கார்ந்ததே என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். அடுக்களை வாசலில் நின்று கேட்ட உன் அம்மா அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. செம்மொழி திட்டியிருந்தால் தேவலை. கடைசியா எங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களாங்க என்று மட்டும் கேட்டார். சொன்னாள் தம்பி, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், வீட்டுல புள்ள பசிச்சு அழுவும், யாராச்சும் ஓடிப்போயி ஒரு வாய் சோறு ஊட்டுங்களேன் என்று. கதையை முதலில் எழுதினபோது அந்த வரி இருந்தது. தானாக ஆற்றில் இறங்குகிறவள் வாயில் அது பொருந்தாது, அழுகாச்சியாக இருக்கிறது என்று நானே அடித்துப்போட்டேன். கேட்டதும் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இனிமேல் அந்தக் கதையைப் போட வேண்டாம் என்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். நடந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தால் அதுவும் அழகழகாகத்தான் வருகிறது, கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் சொன்ன பொய்யை நீ இன்னொரு பாஷைக்கும் தூக்கிக்கொண்டு போகாதே. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, என்மேல் கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள். நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும்.

கிளம்பும்போது செம்மொழி, அம்மா சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, படத்துக்குக் கீழ வச்சுக்கறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் நான் எழுதிய வாக்கியம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாரங்கபாணி