பெரகல ஏற்றத்தில் இறக்கிய பாரம்

மீனாட்சியின் அப்பாவுக்கு,

சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். கடைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நானும் பிள்ளையும் காலை ரயிலில் ஹாலிஎலவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறோம்.

நேற்றுப் பெரகல ஏற்றத்தில் மோட்டார் காரை நிறுத்தி, "பாரம் கூடிப்போச்சு, பெட்ரோலா குடிக்குது. எறங்கி நடந்து வா" என்றீர்கள். சீனி மூட்டை இரண்டும் வண்டியிலேயே ஏறிப் போயின. தூறலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

பின்னால் நடந்ததால்தான் ஒன்று என் கண்ணில் பட்டது. பின்சக்கரத்தில் புகை வந்தது. எப்போதும் போலக் கை பிரேக்கை நீங்கள் பாதிதான் விட்டிருந்தீர்கள். மேலே நீங்கள் நிறுத்திய இடத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னேன். "பொம்பளைக்கு மோட்டாரப் பத்தி என்னா தெரியும்?" என்றீர்கள். இறுகிக் கிடக்கிற சக்கரத்தை இழுக்கத்தான் அவ்வளவு பெட்ரோலும் போகிறது. இன்றைக்கு ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். பார்த்துத் தொடுங்கள், கை சுட்டுவிடும்.

லீலாவதி

மறந்துவிட்டேன்: வலது பக்கச் சக்கரத்தில் காற்றும் இறங்கியிருக்கிறது. அதுவும் பெட்ரோலைத் தின்னும்.

இன்னொன்று. எங்களை அழைக்க வருவதானால் வாருங்கள். ஆனால் இனி எந்த ஏற்றத்திலும் நான் இறங்க மாட்டேன். மூட்டை இறங்கட்டும்.