உறவினர் கூடாது

ஜூன் 3

என் அக்காவுக்கு,

வாலுவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நீ பத்து வருஷமாக எலிகளோடு மல்லுக்கட்டி ஆராய்கிறாயே, அதே புரதம்தான் என் மகளுக்கும் குறை. டாக்டர் அந்தப் புரதத்தின் பெயரைச் சொன்னதும், "எங்கக்கா அதுலதான் வேலை பாக்குறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். என்ன ஜென்மமோ நான்!

போன மாதம் வரை என் கம்மலைப் பிடித்து இழுத்தவள், இப்போது ஸ்பூனைக்கூடத் தொடுவதில்லை. ஈரத்துணி பிழிவது போல இரண்டு கைகளையும் முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். "அம்மா" என்று கூப்பிடுவதும் போய்விட்டது. இவர் குளியலறையில் அழுதுவிட்டு வந்து, "தானா சரியாயிடும்டி" என்கிறார்.

உங்கள் சிகிச்சைப் பரிசோதனையில் இவளைச் சேர்த்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

உன் தங்கச்சி

ஜூன் 11

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அந்தப் புரதம் ஒரு வகுப்பு டீச்சர் மாதிரி. டி.என்.ஏ. சுருளின்மேல் உட்கார்ந்துகொண்டு, எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். டீச்சர் வராத வகுப்பு எப்படி இருக்கும்? குழந்தையின் மூளை இப்போது அப்படி. ஆனால் செல்கள் சாகவில்லை, அதை மட்டும் பிடித்துக்கொள். புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் எலிகள் எழுந்து நடக்கின்றன. அளவு கூடினாலும் ஆபத்துதான், உப்பு மாதிரி.

ஆய்வாளரின் உறவினரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. வேலையை விடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சுற்றுக்கு அது செல்லாதாம்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஜூன் 20

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களை எனக்கு முன்பின் தெரியாது. என் மகளுக்கு இரண்டு வயது. தாங்கள் ஆராயும் புரதம் அவளுக்குக் குறைவு. தங்கள் பரிசோதனையில் அவளுக்கு ஓர் இடம் தரும்படி வேண்டுகிறேன்.

எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் என் பக்கத்தில் நிற்பது யாரென்று யாராவது கேட்டால், எதிர்வீட்டுப் பெண் என்பேன். என் அப்பாவும் அப்படியே சொல்வார். முதலில் கத்தினார், அப்புறம் பேத்தியின் கையைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார்.

இனி நான் எழுத மாட்டேன், பேச மாட்டேன். தாங்களும் எங்கள் நல்லது கெட்டது எதற்கும் வர வேண்டாம்.

அங்கே ஜூனிலேயே மழையும் குளிருமாமே. அந்த இருமலை வைத்துக்கொண்டு வெளியே அலையாதே. மன்னிக்கவும், அலையாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் தாய்