அப்பாவின் பதினேழாம் அத்தியாயம்

என் உயிரான அப்பா,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. பந்தலூரில் மழை இன்னும் விட்டபாடில்லை. லயத்து வரிசை வீட்டுக் கூரையில் உங்கள் மேசைக்கு மேலே இருந்த ஓட்டை பெரிதாகிவிட்டது. மேசையை நகர்த்திப் போட்டு, உங்கள் கொப்பிகளையெல்லாம் அரிசி டின்னுக்குள் வைத்து மூடியிருக்கிறேன். ஒரு தாளும் நனையவில்லை. முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சின்னம்மாவும் எப்படி இருக்கிறோம் என்று நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்பீர்கள்.

நாங்கள் நன்றாக இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக நாங்கள் எவ்வளவோ பொறுத்திருக்கிறோம்.

சிலோனில் நம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்தியாவுக்குப் போவதா, சிலோனிலேயே இருப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பப் பாரம் போடவேண்டிய காலம் வந்தபோது, எல்லோரும் நம் வாசலில்தான் வந்து நின்றார்கள். இந்தியாவுக்கு ஒரு பாரம், சிலோனுக்கு ஒரு பாரம். அவர்கள் வாயால் சொன்னார்கள், நீங்கள் எழுதினீர்கள், அவர்கள் விரலை மையில் தொட்டு வைத்தார்கள். எந்தப் பாரத்தில் வைக்கிறோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை. உங்களைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

இங்கே வந்த வருஷமே நாவலைத் தொடங்கிவிட்டீர்கள். கொப்பி அட்டையில் 'தேசம்' என்று எழுதினீர்கள். “ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு நாவல் இருக்கு புள்ள. அதப் படிச்சா அந்தச் சனத்தோட உசுரு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோகும். கடல் தாண்டி வந்த நமக்குத்தான் ஒண்ணுமில்ல. நான் எழுதுறேன் பாரு” என்றீர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. என் அப்பா ஒரு தேசத்துக்கே உயிர் கொடுக்கப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிள்ளைகள் என்னை 'ஏ சிலோனு' என்றுதான் கூப்பிட்டார்கள். அதைச் சொன்னால், “நாவல் வரட்டும், அப்புறம் பாரு” என்பீர்கள்.

கொழுந்து பறிக்கிற வயது வந்ததும் நகல் எடுக்கிற வேலையும் வந்தது. உங்கள் கையெழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். வேலை விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் எழுதுவேன். அந்த நேரமெல்லாம் சமைத்தது, தண்ணீர் சுமந்தது, விறகு பொறுக்கியது, உங்கள் துணியைத் துவைத்தது எல்லாம் சின்னம்மா. அதற்கு உங்கள் நாவலில் ஒரு வரி உண்டா?

நாவலில் சனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே சிலோனை விட்டு ரயில் ஏறுகிறார்கள். அட, கூச்சமே இல்லையா அப்பா? அந்தக் கோச்சிக்கு ஊரே வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி! ஸ்டேஷன் முழுக்க மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். போகிறவர்கள் கையை இருக்கிறவர்கள் விடவில்லை. நீங்கள் ஒருவர்தான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் மடியில் இல்லை, சின்னம்மா மடியில் இருந்தேன். அவள் அழுத அழுகையில் என் தலை நனைந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அம்மா செத்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மாவின் தங்கைதான் சின்னம்மா. புருஷனை இழந்தவள். ஒரே மகள், செல்வி அக்கா. அக்காவைக் கட்டிய வீட்டார் சிலோனிலேயே இருப்பது என்று எழுதிவிட்டார்கள். அக்கா மாசமாக இருந்தாள். “அத்தான், எனக்கும் சிலோனுக்கே போடுங்க. எம்புள்ளையோடவே கெடந்துர்றேன்” என்று சின்னம்மா உங்களிடம் சொன்னபோது நானும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் கழித்து வந்து, “உன் பாரத்த ஆபீசுல தள்ளிட்டாங்களாம். இந்தியாதான் ஏத்துக்கிட்டுச்சு, கெளம்பு” என்றீர்கள். அவளும் கிளம்பினாள். நீங்கள் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

இங்கே வந்த இரண்டாம் வருஷம் செல்வி அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த ஒன்றுதான் வந்தது. “நீ இந்தியாவுக்குத்தான் பாரம் போட்டிருக்கிறாய் என்று ஆபீசில் சொன்னார்கள். என் பிள்ளை முகத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் நீயாகக் கேட்டுப் போனவள். இனி எனக்கு அம்மா இல்லை.” நீங்கள்தான் அதைச் சத்தம்போட்டுப் படித்துக் காட்டினீர்கள். சின்னம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்து, “நான் கேக்கலேன்னு எழுதுங்க அத்தான், தள்ளிட்டாங்கன்னு எழுதுங்க” என்று கதறினாள். நீங்களும் ஏதோ எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள்? அதைத் தபாலில் போட்டீர்களா? செத்தவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்?

பல வருஷம் கழித்து, நகல் எடுக்கப் பதினேழாம் அத்தியாயம் என் கைக்கு வந்தது. கதாநாயகன் கதிரவன் லயத்து மக்களுக்குப் பாரம் எழுதுகிறான். தாயம்மா என்று ஒரு கைம்பெண் சிலோனுக்கு எழுதச் சொல்கிறாள். 'தாயே, உன் விரல் அறியாததை உன் மண் அறியும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவன் இந்தியாப் பாரத்தை அவள் முன்னால் நீட்டுகிறான். கடைசியில் ராமேஸ்வரத்தில் இறங்கிய தாயம்மா மண்ணை அள்ளி நெற்றியில் பூசி, கதிரவனைக் கும்பிடுகிறாள். நிஜத்தில் இறங்கின இடத்தில் சின்னம்மா வாந்தி எடுத்தாள். எப்போது திரும்பிப் போகலாம் என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களிடம் வந்தேன். “அப்பா, இது கதையா, நடந்ததா?”

“நல்ல நாவல்ல ரெண்டும் ஒண்ணுதான்.”

“சின்னம்மா சிலோனுக்குத்தானே போடச் சொன்னாங்க?”

“அவளுக்கு என்னத்தத் தெரியும்? மண்ணு கூப்புட்டுச்சு. நான் எழுதினேன்.”

“மண்ணா கூப்புட்டுச்சு? அம்மா இல்லாத வீட்டுல சோறாக்கவும் என்னைய வளக்கவும் ஆளு வேணும்னு நீங்க கூப்புட்டீங்களா?”

நீங்கள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நகல முடிச்சிட்டியா?” என்று கேட்டீர்கள்.

அன்றோடு நகல் எடுப்பதை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோய்விட்டது. சின்னம்மா உங்களுக்காக அழுதாள், அப்பா. “எங்கள கரை சேத்த தெய்வமே” என்று ஒப்பாரி வைத்தாள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்திருக்கவேண்டும். அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன். எனக்கு இரண்டு வேளைச் சோறும் எண்ணெய் தேய்த்த தலையும் கிடைத்தது செல்வி அக்காவுக்குப் போகவேண்டிய அம்மாவால் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் ரத்தம் எங்கே போகும்?

போன மாதம் கோவையிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்தார். நீங்கள் உயிரோடு இருந்தபோது முதல் பதினாறு அத்தியாயங்களை அனுப்பியிருந்தீர்களே, அவர்தான். தங்கமான மனுஷர். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மாறி மாறி, மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். “ஏனுங்கம்மா, மீதியுங் குடுங்க, படிச்சுப்போட்டுத்தான் போவேன்” என்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். கொடுத்தேன். பதினேழுக்கு வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடடடா! இதைக் கேளுங்கம்மா” என்று சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் தடுப்பதற்குள் சின்னம்மா தேத்தண்ணி டம்ளரோடு வந்து நின்றுவிட்டாள்.

முழுக்கக் கேட்டாள். பாரம், மை, விரல், ராமேஸ்வரம், எல்லாம். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “தம்பி, அந்தப் பொம்பளைக்குப் புள்ளகுட்டி இல்லையா?”

“இல்லீங்கம்மா. விசயமே அங்கதானுங்க இருக்குது! பெத்த புள்ளை இல்லாதவளுக்குத் தேசமே புள்ளையாகுது பாருங்க. இந்த நாட்டோட ஆன்மாவே இந்த ஒரு அத்தியாயத்துல இருக்குதுங்க.”

“எனக்கு இருந்துச்சு” என்றாள் சின்னம்மா.

அவருக்கு விளங்கவில்லை. பாவம், தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார். அவள் போட்டுக் கொடுத்தாள்.

செல்வி அக்காவை நீங்கள் ஏன் நாவலில் வைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் இருந்தால் கதிரவன் யோக்கியனாக இருக்கமுடியாது. அதனால் மகளே பிறக்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள். பாரத்தில் அவளிடமிருந்து அம்மாவைப் பிரித்தீர்கள், நாவலில் அவளையே இல்லாமல் பண்ணினீர்கள். இதற்குப் பெயர் தேசத்தின் உயிர் என்றால், அந்தத் தேசம் நாசமாய்ப் போகட்டும்.

அவர் போனபிறகு சின்னம்மா என்னைப் பார்த்து, “ஒனக்கு எப்பருந்து தெரியும்?” என்றாள்.

“அப்பா இருக்கும்போதே தெரியும், சின்னம்மா.”

அவள் என்னை அடிக்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “செல்விக்கு எழுது. அவ அம்மா சிலோனுக்குத்தான் கேட்டான்னு எழுது.”

“நான் எழுதினா நம்புவாங்களா?”

“அந்தாளு எழுதுனதையே அனுப்பு. அவரு கையெழுத்து அவளுக்குத் தெரியும்.”

இத்தனை வருஷத்தில் அத்தான் என்பதைத் தவிர வேறு சொல்லால் அவள் உங்களைச் சொன்னதில்லை அப்பா.

நீங்கள் அங்கிருந்து வாதாடுவீர்கள் என்று தெரியும். சிலோனில் லயங்களை எரிக்கிறார்கள், தமிழனைத் தெருவில் வெட்டுகிறார்கள் என்று ரேடியோ சொல்கிறது. பார்த்தாயா, அவளைக் காப்பாற்றினேன் என்பீர்கள். சின்னம்மா ரேடியோவுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். காப்பாற்றவேண்டுமென்றால் கேட்டுக் காப்பாற்றியிருக்கலாம். தெரிந்தே, செல்வி அக்காவிடம் காரணம் சொல்லிவிட்டு அவள் உங்களோடு வந்திருந்தால், மகளாவது அவளுக்கு மிஞ்சியிருப்பாள்.

பதினேழாம் அத்தியாயத்தைக் கொப்பியிலிருந்து பிய்த்து, நடந்ததை எழுதிய என் கடிதத்தோடு சேர்த்து, செல்வி அக்காவின் பழைய விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்தத் தோட்டத்தில் அவள் இருக்கிறாளோ, உயிரோடுதான் இருக்கிறாளோ தெரியாது. அனுப்புவதற்கு முந்தின நாள் பதிப்பாளர் கடிதம் வந்தது. அந்த அத்தியாயம் இல்லாமல் புத்தகம் இல்லை, ஒரு நகலாவது எடுத்துவையுங்கள் என்று கெஞ்சியிருந்தார். நாலு பக்கம்தான். ஒரு மணி நேர வேலை. என் பக்கத்தில் பேனாவும் இருந்தது, தாளும் இருந்தது. எடுக்கவில்லை. உங்கள் இத்தனை வருஷ உழைப்பு அதோடு போய்விட்டது. எனக்கு வலிக்கிறது. வலித்தால் என்ன?

ஒரு சத்தியம் செய்கிறேன் அப்பா. சிலோனிலிருந்து பதில் வந்தால், சின்னம்மாவை உட்காரவைத்து நானே படித்துக் காட்டுவேன். அவளைத் திட்டியிருந்தாலும், என்னைச் சபித்திருந்தாலும், அக்கா செத்துப்போனாள் என்று யாராவது எழுதியிருந்தாலும், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் படிப்பேன்.

இப்படிக்கு,
செல்வியின் தங்கை,
உங்களுக்கும் மகளாகப் பிறந்தவள்