பச்சைக் கோட்டும் கடைசி மணியும்

ஹார்ட்டில்பூல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எஃபிக்கு,

நீயும் உன் தொண்டையும் நலமாக இருக்க வேண்டும். உன் முதல் ஆல்பத்தைப் பற்றி ஊரே பேசி முடித்த பிறகு வாழ்த்து எழுதுகிற ஒரே தோழி நானாகத்தான் இருப்பேன். கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய இசைத்தட்டை வந்த அன்றே பிரித்துவிட்டேன். கேட்கத்தான் துணிவு வரவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் அட்டைப்படம். கடல் சுவரில் சாய்ந்துகொண்டு நீ போட்டிருப்பது என் பச்சைக் கோட்டு! கல்லூரி கடைசி வருடம் மழைக்கு வாங்கிக்கொண்டு போனாய், அதோடு சரி. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பாக இருக்கிறதே, அது நான் தைத்தது. அப்பாவான பிறகும் நீல் இன்னும் கடலில் காற்றாலை வேலைக்குத்தான் போகிறான். பாதி மாதம் வீட்டில் நானும் குழந்தை பெஸ்ஸும் மட்டும். கோட்டு விஷயத்தை அவனிடம் போனில் சொன்னேன். "அப்ப அந்தப் பொத்தானுக்குப் பங்கு கேட்டு வாங்கு" என்கிறான்.

டெரிக்கின் பப்பில் நாம் பாடிய செவ்வாய்க்கிழமைகள் நினைவிருக்கிறதா? கரும்பலகையில் பெயர் எழுதினால் ஆளுக்கு இரண்டு பாட்டு. ஒரு பக்கம் சுவர்ப் பலகையில் குட்டி அம்பு எறிந்து விளையாடுகிறவர்களின் கூச்சல், மறுபக்கம் கால்பந்துச் சண்டை. நம் குரல் நமக்கே கேட்காது. அதனால்தான் முதுகோடு முதுகு ஒட்டி நின்று பாடுவோம். நீ எந்தச் சுரத்தில் இருக்கிறாய் என்பதை நான் காதால் கேட்டதில்லை. என் முதுகெலும்பு சொல்லும்.

அந்தக் கடைசிச் செவ்வாய், உன் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது டெரிக் கடைசி மணியை, கடை மூடுமுன் கடைசிக் கோப்பை வாங்கச் சொல்லும் மணியை, அடித்துவிட்டார். மொத்தக் கூட்டமும் கோப்பையோடு அவரிடம் ஓடியது. நீ நிறுத்திவிட்டாய். "நீ பாடு கண்ணு, நிறுத்தாத! இவனுங்களுக்குக் காது எதுக்கு, வாய் மட்டும் போதும்!" என்று கத்தினாரே மனிதர். அன்று யாரோ கைபேசியில் பிடித்ததையே ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக அப்படியே வைத்திருக்கிறாய். மணியை எடுத்துவிடச் சொன்னவர்களிடம் நீ சண்டை போட்டதாக எழுதியிருந்தாய். நன்றி, எஃபி. அதில் அடியில் ஓடுகிற குரல் என்னுடையது.

பெஸ்ஸைப் பற்றி உனக்கு முழுதும் சொல்லவில்லை. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் செய்கிற காது சோதனையில் அவளுக்குச் சரியான பதில் வரவில்லை. பிரசவத் தண்ணீர் காதில் தங்கியிருக்கும் என்றார்கள். மறுபடி பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. இந்த வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் முழுச் சோதனை. நீலின் அம்மா டீயைக் கலக்கிக்கொண்டே, "பயப்படாத தங்கம். எங்க நீலும் சின்னதுல கூப்பிட்டா திரும்பவே மாட்டான். இப்ப மட்டும் திரும்புறானா என்ன?" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு வாணலியைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். பூனை அலறிக்கொண்டு ஓடியது. பெஸ் ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்காவிட்டாலும் அவள் என் பெஸ்தான். கைகளால் பேசக் கற்றுக்கொள்ளலாம், புத்தகம்கூட வாங்கிவிட்டேன். ஆனால் அவளுக்குக் கொடுப்பதற்கென்று நான் வைத்திருந்தது என் பாட்டு ஒன்றுதான். முதல் சோதனைக்குப் பிறகு இந்த வீட்டில் நான் பாடவே இல்லை. உன் இசைத்தட்டைத் தொடாததும் அதனால்தான். நான் கேட்டு அவள் கேட்காமல் போவதைப் பார்க்கப் பயம்.

நேற்று பக்கத்து வீட்டிலிருந்து இசைத்தட்டு சுழற்றும் பெட்டியைக் கடன் வாங்கி வந்தேன். பெஸ்ஸைத் துணியில் வைத்து மார்போடு கட்டிக்கொண்டு, நேராகக் கடைசிப் பாட்டைப் போட்டேன். டெரிக்கின் மணி அடித்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை, எஃபி. இமைகூட அசையவில்லை.

ஆனால் நீ மறுபடி பாட ஆரம்பிக்கும் இடத்தில், என்னை அறியாமல் நானும் என் பழைய குரலோடு சேர்ந்துகொண்டேன். பசிக்குச் சிணுங்கிக்கொண்டிருந்தவள் அடங்கினாள். கன்னத்தை என் நெஞ்செலும்பில் அழுத்திக்கொண்டாள். நான் நிறுத்தினேன், மறுபடி சிணுங்கினாள். பாடினேன், அழுத்திக்கொண்டாள். வெறும் தற்செயலாக இருக்கலாம். நீலிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உனக்கு மேடை, ரயில், பேட்டி என்று ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்: புதன்கிழமை ஒரு பொழுது வந்துவிட்டுப் போக முடியுமா? கிட்டார் வேண்டாம். பெஸ்ஸை நான் மார்பில் கட்டிக்கொள்கிறேன். நீ என் முதுகோடு முதுகு ஒட்டி நில், பழையபடி. நீ மேலே பாடு, நான் கீழே பாடுகிறேன். உன் குரல் என் வழியாக அவளிடம் போகட்டும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கருவி என்ன சொன்னாலும், பாட்டு என்றால் என்ன என்று அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டைப் போட்டுக்கொண்டே வா. புதன்கிழமை மழையாம்.

உன் குரல் என்றும் உடையாமல் இருக்கட்டும்.

உன் முதுகுக்குப் பின்னால் நிற்பவள்,
கார்லி