மல்லிகாவின் வேனுக்குப் புது பிரேக்

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

மல்லிகா வழக்கம்போல் கிராஞ்சித் தோட்டத்தில் வாழை இலை, கறிவேப்பிலை ஏற்றிக்கொண்டு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு தேக்கா மார்க்கெட். வேன் நிற்கும் இடமெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். பூக்கடைத் தம்பி சிரிக்கிறான்: "அக்கா, நீங்க வர்றது சிராங்கூன் ரோடு முனையிலேயே தெரியுது லா!"

"முன்பக்க பிரேக் பேட் தேஞ்சு போச்சு," என்றாள் ம. "சனிக்கிழமை வீட்டுலேயே மாத்திடலாம். நீங்க டார்ச் பிடிச்சா போதும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக நான் டார்ச் மட்டும்தான். வேன் அவள் பாடு. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துப்பிழை பார்ப்பது என் பாடு. இன்று ஒரு மாப்பிள்ளையின் பெயரில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. பிடித்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு ரசம், முட்டை. வெங்காயம் நறுக்கியது நான். ஒரு மாதமாக அந்த வேலை என் தலையில். "சோம்பேறி ஆயிட்ட நீ," என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். வாங்க வேண்டியவை: முன் பேட் ஒரு செட், பிரேக் கிரீஸ், கையுறை, என் பிரஷர் மாத்திரை, தயிர்.

தயிர் மறந்தாச்சு.

உதிரிபாகக் கடைக்காரர் வண்டி வயசைக் கேட்டார். பதினேழு என்றேன். "வேற வண்டி வாங்கலாமே?" மனைவியிடம் கேளுங்கள் என்றேன். அவர் உடனே பேட்டை எடுத்து வைத்தார்.

ஜூன் 14, சனி

மழை இல்லை. போர்ச்சில் வேலை.

முதலில் இடது சக்கரம். பின் சக்கரத்துக்குக் கட்டை முட்டு. தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்தணும், அப்புறம் ஜாக், அப்புறம் ஸ்டாண்ட். வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே செய்கிறாள். சக்கரம் வந்தது. பேட்டைக் கவ்வும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கிப் பழைய பேட்டை உருவினாள். ஐம்பது காசு தடிமன்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினாள்? கிளாம்ப் வைத்துக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளினாள், தடிமனான புது பேட்டுக்கு இடம் வேண்டுமே. புது பேட் உட்கார்ந்தது.

கடைசியில் அந்த போல்ட். ஏறவில்லை.

"கிரீஸ் வழுக்குது," என்று கையுறையைக் கழற்றினாள். மறுபடி. போல்ட் விழுந்து சாக்கடை மூடிவரை உருண்டது. எடுத்து வந்தேன். மறுபடி. "நேரா பிடிச்சு சுத்தணும், கோணலா ஏறினா மரை போயிடும்." எனக்குச் சொல்கிறாளா, கைக்குச் சொல்கிறாளா? டார்ச் வெளிச்சத்தில் வலது கை நடுங்குவது நன்றாகத் தெரிந்தது.

டார்ச்சைக் கீழே வைத்தேன். "கொடு."

கொடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு பயம். ஸ்பேனரை ஒருத்தர் கையிலும் கொடுக்காதவள்.

போல்ட் ஏறியது. அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. பாலிகிளினிக் போனேன். நரம்பு டாக்டரைப் பாக்கச் சொல்லி லெட்டர். வர்ற செவ்வாய்."

"தனியாவா போன?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

வெங்காயம்! சோம்பேறி என்றேனே.

சோப்புப் பொடி போட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். நகக்கண் கறுப்பு லேசில் போகிறதா? எனக்கு அவசரமும் இல்லை.

வலது சக்கரம் நாளைக்கு.

ஜூன் 15, ஞாயிறு

புழுக்கம். ம. பிளாஸ்டிக் நாற்காலியில். நான் தரையில்.

"பிஸ்டனைத் தள்ளினீங்களா?"

"தள்ளினேன்."

"முழுசா?"

முழுசாக இல்லை. காலிப்பர் பேட்மேல் இறங்க மறுத்தது. மறுபடி கிளாம்ப். கிரீஸ் விரலோடு பேட்டின் முகத்தைத் தொடப் போனேன் (கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காதாம்), போட்டாளே ஒரு சத்தம், தெருவே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "டுடே அங்கிள் டூயிங் ஆ?"

"யெஸ் லா. மை மெக்கானிக்," என்றாள் ம. எனக்குக் காது சூடானது.

எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அவளுக்கு முக்கால் மணி போதும். முட்டி இரண்டும் போச்சு.

"ஓட்டுறதுக்கு முன்னாடி பெடலை மிதிங்க. கல்லு மாதிரி ஆகணும்." முதல் மிதியில் கால் தரைவரை இறங்கியது. உயிர் போய் வந்தது. பிஸ்டனைத் தள்ளினால் அப்படித்தானாம். ஆறாவது மிதியில் இறுகியது.

சாவியை நீட்டினாள். லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டிப் பன்னிரண்டு வருஷம்.

"நீ பக்கத்துல உக்காந்து சொல்லு."

"சொல்றதா? திட்டுவேன்."

திட்டினாள். எங்கள் தெருவிலேயே பத்து முறை மெதுவாகப் போய்ப் போய் நிறுத்தினேன். சத்தம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

அச்சகத்துக்கு இரண்டு நாள் லீவு சொல்லியாச்சு. கிராஞ்சி. நான் ஓட்டினேன். தொழிலாளர் லாரிகளுக்கு நடுவில் வேர்த்துக் கொட்டியது. அவள் பக்கத்தில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். தேக்காவில் பார்க் செய்ய நான்கு முயற்சி. பின்னால் ஹார்ன். ம. ஜன்னலைத் திறந்து அந்த ஆளை முறைத்தாள், ஹார்ன் நின்றது.

இலைக்கட்டுகளை நான் தூக்கினேன். பாக்கெட் போட்டுக் கொடுத்தது அவள். கை ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது, அப்புறம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம். டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி. விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், வட்டம் வரையச் சொன்னார். வட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார். மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று. இப்போதைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

"இப்போதைக்கா?" என்று ம. இரண்டு தடவை கேட்டாள். அவர் இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

திரும்பும்போது என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே ஓட்டினேன். சிராங்கூன் ரோடு சிவப்பு விளக்கில் கொஞ்சம் அழுத்தி நிறுத்திவிட்டேன். திட்டு வரும் என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, கன்னம் சீட் பெல்ட்டில் பதிந்து, நடுங்கும் கை மடியில் அசையாமல்.

எங்கள் தெரு வந்தது. வீட்டைத் தாண்டி நேராக ஓட்டினேன். இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று.